முகம் பார்த்து எடுத்த ஆட்கள்

பிப்ரவரி 3

சம்பந்தியம்மா அவர்களுக்கு,

வணக்கம். இங்கே எல்லோரும் நலம். உங்கள் மகளும் நலம், என் பையனும் நலம்.

போன் இருக்கும்போது இந்த மனுஷன் எதற்குக் கடிதம் எழுதுகிறான் என்று நினைப்பீர்கள். வீட்டில் பேசினால் அடுப்படியில் என் வீட்டுக்காரி காது, கூடத்தில் உங்கள் மகள் காது. கம்பெனியில் பேசினால் மேனேஜர் காது. மேனேஜர் யார் என்று உங்களுக்குத் தெரியும். என் வீட்டுக்காரியின் தம்பி, என் மச்சான். விஷயமே அவனைத் தொட்டுத்தான் போகிறது. அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

நான் செய்வது ஆஸ்பத்திரிக் கட்டில். போன மாதம் ஒரு ஆஸ்பத்திரியில் எங்கள் கட்டிலின் பக்கக் கம்பி பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டது. அதைப் பிடித்துக்கொண்டு எழுந்த வயசான ஆள் கீழே விழுந்துவிட்டார். தோளில் அடிபட்டதோடு போயிற்று, தலை தப்பியது. போய்ப் பார்த்தேன். அவர் என்னைத் திட்டவில்லை. "இதை நல்லா ஒட்டியிருக்கலாமேப்பா" என்று மட்டும் சொன்னார். திட்டியிருந்தால் நிம்மதியாக வந்திருப்பேன்.

அந்தக் கம்பியை வெல்டிங் பண்ணியவன் யார் என்று பார்த்தால், சேர்ந்த வேகத்தில் விட்டுப் போனவன். இப்போது என் கம்பெனியில் அப்படித்தான். நல்ல வெல்டர் யாரும் வருவதில்லை. வருகிறவன் தங்குவதில்லை. ஊருக்கு வெளியே புதிதாக ஒரு கட்டில் கம்பெனி வந்திருக்கிறது. எங்கள் வாசலில் "ஆள் தேவை" பலகை ஏறினால் அவர்கள் வாசலில் கூட்டம் சேருகிறது. உள்ளே இருந்துகொண்டே யாரோ நல்ல ஆட்களை அங்கே தள்ளிவிடுகிறார்கள். எனக்குச் சந்தேகம் என் மச்சான் மேல்தான். ஆள் எடுக்கிற வேலை முழுக்க அவன் கையில்.

ஆனால் ஆதாரம் இல்லாமல் அவன் மேல் கை வைத்தால் எனக்கு வீட்டில் சோறு கிடைக்காது. நீங்கள் பஸ் பாடி கட்டுகிற பெரிய கம்பெனியில் ஓய்வு பெறும் வரை ஆளெடுப்பைப் பார்த்தவர். கல்யாணப் பேச்சுக்கு வந்தபோது என் பையனை நீங்கள் கேட்ட கேள்விகளை அவன் இன்னும் மறக்கவில்லை. யார் என்று மட்டும் கண்டுபிடித்துச் சொல்லுங்கள். மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

இந்தக் கடிதம் உங்களுக்கும் எனக்கும் நடுவில் இருக்கட்டும்.

இப்படிக்கு,
சம்பந்தி


பிப்ரவரி 9

சம்பந்தி அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். அந்த வயசானவர் பற்றி எழுதியிருந்த இடத்தில் மனசு கனத்தது. மற்ற இடங்களில் கொஞ்சம் பயமாக இருந்தது. வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறேன்.

உங்கள் கம்பெனியில் உங்கள் பையன் இருக்கிறார். எம்.டி. என்று பலகை போட்ட அறையில் உட்கார்ந்திருக்கிறார். அவரை விட்டுவிட்டு என்னிடம் ஏன் வருகிறீர்கள்? நான் உங்கள் மச்சான் பெயரைச் சொன்னால், "நான் சொல்லல, சம்பந்தியம்மாதான் சொன்னாங்க" என்று வீட்டில் கை காட்டலாம். அதற்குத்தானா? அப்புறம் உங்கள் வீட்டுக்காரம்மா முகத்தைப் பார்த்துக்கொண்டு அந்த அடுப்படியில் நிற்க வேண்டியவள் என் மகள்.

ஆகவே நான் திருடன் பிடிக்க வரமாட்டேன். வேலை கேட்டு வருகிற ஒருவர் உங்கள் கேட்டைத் தாண்டி உள்ளே வந்து, தேர்வாகியோ ஆகாமலோ வெளியே போகும் வரை என்னென்ன நடக்கிறது என்று வேண்டுமானால் பார்த்துச் சொல்கிறேன். அதுதான் எனக்குத் தெரிந்த வேலை.

முதலில் சிலது கேட்கிறேன். உங்கள் பலகையில் "ஆள் தேவை" என்பதற்குக் கீழே என்ன எழுதியிருக்கிறது? என்ன வேலை, எந்த ஷிப்ட், என்ன சம்பளம் என்று இருக்கிறதா? வருகிற வெல்டர் கையில் யாராவது வெல்டிங் மெஷினைக் கொடுக்கிறார்களா? கடைசியில் "சரி" என்று சொல்வது யார்? வேண்டாம் என்று முடிவானவருக்கு அதை யார் சொல்கிறார்கள்?

சுற்றி வளைக்காமல் பதில் எழுதுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மருமகளின் அம்மா


பிப்ரவரி 15

சம்பந்தியம்மா அவர்களுக்கு,

யார் மேல் சந்தேகம் என்று எழுதினால் நீங்கள் என் மேலேயே சந்தேகப்படுகிறீர்கள். போகட்டும்.

பலகையில் "ஆள் தேவை" என்றுதான் இருக்கிறது. அதற்கு மேல் என்ன எழுத வேண்டும்? கட்டில் கம்பெனியில் கட்டில் வேலைதானே. சம்பளத்தை வாசலில் எழுதிவைத்தால் உள்ளே இருக்கிறவன் எல்லாம் வந்து படிப்பான்.

வருகிறவர்களை முதலில் மச்சான் கூப்பிட்டுப் பேசுவான். அவன் சரி என்று நினைக்கிறவர்களை என் அறைக்கு அனுப்புவான். நான் கொஞ்ச நேரம் பார்ப்பேன். எனக்கு அது போதும். ஆள் நாற்காலியில் உட்காருவதற்குள் இவன் தேறுவானா மாட்டானா என்று எனக்குத் தெரிந்துவிடும். இது படித்து வருவதில்லை, ராசி. மெஷினைக் கொடுத்துச் சோதிப்பதெல்லாம் நேர விரயம். மின்சாரமும் வீண், கம்பியும் வீண். வேண்டாதவர்களுக்கு "சொல்லி அனுப்புறோம்" என்று சொல்லிவிடுவோம். அவர்களே புரிந்துகொள்வார்கள்.

ஆக, வடிகட்டுகிறவன் மச்சான். அவன் அனுப்புகிற சரக்கில்தான் நான் பொறுக்குகிறேன். சரக்கே கெட்டால் நான் என்ன செய்ய?

ஒன்று கேட்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். உங்கள் அக்கா மகன் வெல்டிங் படித்துவிட்டுச் சும்மா இருக்கிறான் என்று கேள்வி. எந்த ஷிப்ட், என்ன சம்பளம் என்று இவ்வளவு அக்கறையாக விசாரிக்கிறீர்களே, அவனுக்காகவா?

இப்படிக்கு,
சம்பந்தி


மார்ச் 2

சம்பந்தி அவர்களுக்கு,

என் அக்கா மகன் கப்பலில் வேலைக்குப் போய் வெகு நாளாகிறது. அவனுக்கு உங்கள் கட்டில் தேவைப்படாது. கப்பலிலேயே இருக்கிறது.

போன வாரம் என் மகளுக்குக் காய்ச்சல் என்று உங்கள் வீட்டுக்கு வந்து போனேன் அல்லவா? வீட்டுக்கு வருவதற்கு முந்தைய நாளே உங்கள் ஊருக்கு வந்துவிட்டேன். காலையில் நேராக உங்கள் கம்பெனிக்குப் போனேன். பழைய புடவை, தோளில் ஒரு துணிப்பை. வாட்ச்மேன் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"வேலைக்கா?"

"ஆமாங்க, கூட்டிப் பெருக்குற வேலை ஏதாவது இருந்தா..."

"பெஞ்சுல உட்காருங்க. கூப்பிடுவாங்க."

"எப்பங்க?"

"கூப்பிடும்போது."

உட்கார்ந்தேன். தகரக் கூரைக்குக் கீழே ஒரு நீள பெஞ்ச். வெயில் ஏற ஏற எல்லோரும் ஒரு பக்கமாக நகர்ந்துகொண்டே போனோம். குடிக்கத் தண்ணீர் இல்லை. எழுந்து போய்க் குடித்துவிட்டு வரலாம் என்றால், அதற்குள் கூப்பிட்டுவிட்டால் என்ன செய்வது என்று யாரும் எழுந்திருக்கவில்லை. நானும்தான்.

என் பக்கத்தில் ஒரு பெண். முப்பது வயதிருக்கும். மடியில் வெல்டிங் மாஸ்க்.

"இதை எதுக்கும்மா தூக்கிட்டு வந்திருக்கே?" என்று கேட்டேன்.

"வெல்டிங் பண்ணிக் காட்டச் சொன்னா வேணுமே. ஆம்பளைங்க மாஸ்க் எனக்குக் கழண்டு கழண்டு விழும்."

மதியத்துக்கு மேல் அவளை உங்கள் மச்சான் உள்ளே இருந்தபடியே கூப்பிட்டார். பிறகு உங்கள் அறைக்கு அனுப்பினார். அவள் உள்ளே போய், நான் பையிலிருந்த கைக்குட்டையால் முகத்தைத் துடைத்து முடிப்பதற்குள் வெளியே வந்துவிட்டாள்.

"என்ன கேட்டாரு?"

"வீட்டுக்காரர் என்ன பண்றார்னு கேட்டாரு. பிள்ளைக்கு உடம்பு சரியில்லன்னா யார் பாத்துக்குவாங்கன்னு கேட்டாரு. அப்புறம் கொஞ்ச நேரம் என் மூஞ்சியையே பார்த்தாரு."

"வெல்டிங் பத்தி?"

"அதைத்தான் விட்டுட்டாரு. சொல்லி அனுப்புறோம்னாரு. அப்படின்னா என்னன்னு எனக்குத் தெரியும்மா."

அவளுக்கு அடுத்து ஒரு இளைஞன் போனான். படிய வாரிய தலை. வாட்ச்மேனையே ஐயா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தவன். சிரித்துக்கொண்டே வந்தான். வேலை கிடைத்துவிட்டதாம். "வெல்டிங் அவ்வளவா வராதுன்னு சொன்னேங்க. பரவால்ல, உன் மூஞ்சியில வேலைக்காரன் களை இருக்குன்னு சொல்லிட்டாரு. பகல் ஷிப்ட்தானாம்."

சாயங்காலம் உங்கள் மச்சான் வெளியே வந்தார். என்னை அடையாளம் கண்டு அப்படியே நின்றுவிட்டார். உள்ளே ஓடிப் போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். "நீங்க வந்தத நான் சொல்ல மாட்டேன், நீங்களும் என்னைப் பத்தி எதுவும் சொல்லிடாதீங்க" என்றார். அவரைப் பற்றிச் சொல்ல என்ன இருக்கிறது என்று அப்போது எனக்குத் தெரியவில்லை.

நீங்கள் அன்றைக்கு என் எதிரே மூன்று தடவை நடந்து போனீர்கள். முகத்தைப் பார்த்தே ஆளை எடை போடுகிறவர், பெஞ்சில் இருந்த சொந்தச் சம்பந்தியின் முகத்தைப் பார்க்கவில்லை.

இரண்டே கேள்வி. அந்தப் பெண்ணை ஏன் வேண்டாம் என்றீர்கள்? அந்த இளைஞனை ஏன் எடுத்தீர்கள்? முகராசியைத் தவிர வேறு காரணம் இருந்தால் எழுதுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மருமகளின் அம்மா


மார்ச் 6

அம்மா,

நான் உங்களை நம்பி வீட்டு விஷயத்தை எழுதினேன். நீங்கள் பழைய புடவை கட்டிக்கொண்டு வந்து என் வாசலில் உளவு பார்த்திருக்கிறீர்கள். யாராவது பார்த்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? சம்பந்தியைக் கூட்டிப் பெருக்க வைத்தான் என்று ஊர் சிரிக்காதா?

அதையாவது பொறுத்துக்கொள்வேன். இதை எப்படிப் பொறுப்பது? நேற்று கம்பெனி போனை நான்தான் எடுத்தேன். உங்கள் ஊரிலிருந்து. ஆஸ்பத்திரி சாமான் விற்கிற ஏதோ கம்பெனி. "சார், உங்க கம்பெனியில வேலை பார்க்கிற ஒருத்தருக்கு இன்டர்வியூ வச்சிருக்கோம், செல்போன்ல கிடைக்கல, தகவல் சொல்ல முடியுமா?" என்று ஒரு பெண் கேட்டது. யாருக்கு என்று கேட்டேன். என் பையனுக்கு.

எம்.டி. நாற்காலியில் உட்கார வைத்திருக்கிற என் ஒரே பையன், வேறொருத்தன் கம்பெனியில் பெஞ்சில் உட்காரப் போகிறான். அதுவும் உங்கள் ஊரில்.

இப்போது எனக்கு எல்லாம் விளங்குகிறது. வாசலைப் பார்க்கிறேன், பெஞ்சைப் பார்க்கிறேன் என்றீர்கள். வீட்டுக்குள் இருக்கிறதையே தூக்கிக்கொண்டு போகப் பார்க்கிறீர்கள். மகளும் மாப்பிள்ளையும் பக்கத்தில் இருக்க வேண்டும் என்றால் நேராகக் கேட்டிருக்கலாமே. காய்ச்சல், துணிப்பை, இத்தனை நாடகம் எதற்கு?

உங்கள் கேள்விகளுக்குப் பதில் எழுத எனக்கு மனசில்லை. இனி எழுதவும் வேண்டாம்.

கட்டில் கம்பெனிக்காரன்


மார்ச் 14

சம்பந்தி அவர்களுக்கு,

எழுத வேண்டாம் என்றீர்கள். இது ஒன்றை மட்டும் எழுதிவிடுகிறேன். படிப்பதும் கிழிப்பதும் உங்கள் இஷ்டம்.

மாப்பிள்ளை விண்ணப்பம் போட்டது எனக்குத் தெரியாது. உங்கள் கடிதத்தைப் படித்ததும் அவருக்குப் போன் பண்ணினேன். எனக்கும் கோபம்தான்.

"என் ஊர்ல வேலைக்குப் போட்டிருக்கீங்க. எனக்கு ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

"சொன்னா நீங்க உங்களுக்குத் தெரிஞ்சவங்ககிட்ட சொல்லுவீங்க அத்தை. வேலை கிடைச்சுடும்."

"கிடைச்சா நல்லதுதானே?"

"அப்படிக் கிடைச்ச வேலை ஒண்ணு ஏற்கெனவே இருக்கு அத்தை. அதுல ஆறு வருஷமா உட்கார்ந்திருக்கேன். எனக்கு என்ன வரும், என்ன வராதுன்னு அப்பா ஒரு தடவைகூடக் கேட்டதில்ல."

என் மகளுக்குத் தெரியுமாம். என்னிடம் அவளும் மறைத்திருக்கிறாள். ஆக, ஏமாந்ததில் நீங்களும் நானும் ஒரே பெஞ்ச்தான்.

இனி உங்கள் முதல் கேள்விக்கு வருகிறேன். மாஸ்க் வைத்திருந்த அந்தப் பெண்ணுக்கு, உங்களிடம் சேர்ந்துவிட்டு விட்டுப் போன இரண்டு பேரைத் தெரியும். நான் கேட்டதும் அவர்களுடைய போன் நம்பரைக் கொடுத்தாள். பேசினேன். இருவரும் இப்போது அந்தப் புதுக் கம்பெனியில்தான் இருக்கிறார்கள். உங்கள் மச்சான் அனுப்பினாரா என்று கேட்டேன். சிரித்தார்கள். ஒருவர் சொன்னார்: "முதலாளி பகல் ஷிப்ட்னு சொல்லித்தான் எடுத்தாரு. சேர்ந்த வாரமே ராத்திரிக்கு மாத்திட்டாங்க." இன்னொருவர்: "வெல்டர்னு எடுத்தாங்க, கம்பி சுமக்க விட்டாங்க. கேட்டா, உன் மூஞ்சி பிடிச்சுத்தான் எடுத்தேன், இப்ப மூஞ்சியைக் காட்டுறியேன்னு திட்டினாரு." அந்தப் புதுக் கம்பெனி அப்படி ஒன்றும் சொர்க்கம் இல்லை. அங்கே வாசலில் சம்பளத்தையும் ஷிப்டையும் எழுதிவைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

உங்கள் மச்சானிடமும் பேசினேன். அவர் பயந்த ரகசியம் இதுதான்: அவர் நல்ல வெல்டர் என்று நினைத்து அனுப்புகிறவர்களில் பெரும்பாலானவர்களை நீங்கள் திருப்பி அனுப்புகிறீர்கள். "நிமிர்ந்து பார்த்துப் பேசினா அத்தானுக்குப் பிடிக்காதும்மா. குனிஞ்சு நின்னா பிடிச்சிடும். நான் எதிர்த்துச் சொன்னா அக்கா வீட்டுல பிரச்சனை. அதனால இப்பல்லாம் குனிஞ்சு நிக்கிறவங்களாப் பார்த்து அனுப்புறேன்" என்றார். அந்தப் பக்கக் கம்பியை வெல்டிங் பண்ணியவனும் அப்படி எடுத்த ஆள்தானாம்.

நீங்கள் தேடச் சொன்ன ஆள் கிடைத்துவிட்டார். பெயர் எழுதவில்லை.

கோபம் தீர்ந்த பிறகு இதைச் செய்து பாருங்கள். என்ன வேலை, எந்த ஷிப்ட், என்ன சம்பளம் என்று பலகையில் எழுதுங்கள். எழுதியதை மாற்றாதீர்கள். வருகிறவரை எப்போது கூப்பிடுவீர்கள் என்று முன்கூட்டியே சொல்லுங்கள். முதலில் வெல்டிங் பண்ணச் சொல்லுங்கள். யார் பண்ணியது என்று தெரியாமல், ஒட்டிய கம்பித் துண்டை மட்டும் பாருங்கள். நீங்களும் மச்சானும் மேஸ்திரியும் தனித்தனியாகப் பார்த்து முடிவு பண்ணிவிட்டு, அப்புறம் பேசுங்கள். எல்லோரிடமும் ஒரே கேள்விகளைக் கேளுங்கள். பிள்ளையை யார் பார்த்துக்கொள்வார்கள் என்று கேட்டால் ஆண்களிடமும் கேளுங்கள். அவர்களும் உங்களைக் கேள்வி கேட்கட்டும். வேண்டாம் என்றால் வேண்டாம் என்றும், ஏன் என்றும் சொல்லி அனுப்புங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மருமகளின் அம்மா


ஏப்ரல் 8

சம்பந்தியம்மா அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தைக் கிழிக்கத்தான் எடுத்தேன். அப்புறம், நீங்கள் சொன்னபடியே செய்து பார்த்து, தப்பு என்று நிரூபித்து எழுதலாம் என்று வைத்துவிட்டேன்.

பலகையை மாற்றி எழுதினோம். வந்தவர்களைத் திங்கட்கிழமை காலையில் வரச் சொல்லி, ஆளுக்கு இரண்டு கம்பியைக் கொடுத்து ஒட்டச் சொன்னோம். ஏற்கெனவே நான் எடுத்திருந்த அந்தப் படிய வாரிய தலைக்காரனையும் சேர்த்துக்கொண்டேன், உங்களுக்குக் காட்டுவதற்காகவே. மாஸ்க் பெண்ணை மச்சான் கூப்பிட்டிருக்கிறான், என்னைக் கேட்காமல். துண்டுகளில் சாக்பீஸால் எண் போட்டு மேஜையில் வைத்தார்கள். நான் அதுவரை என் அறையை விட்டு வெளியே வரவில்லை.

மேஸ்திரி ஒவ்வொன்றையும் இடுக்கியில் மாட்டிச் சுத்தியலால் அடித்தார். தாங்கியது சில, விட்டுப்போனது சில. ஒரு துண்டு முதல் அடியிலேயே படீரென்று இரண்டாகப் போயிற்று. எனக்கு அந்த ஆஸ்பத்திரி ஞாபகம் வந்துவிட்டது.

"இவன் யாருடா? இவனைக் கேட் பக்கம்கூட வர விடாதீங்க!" என்று கத்தினேன்.

"அது என்னோடதுப்பா" என்று பின்னால் ஒரு குரல். திரும்பினால் என் பையன். சட்டையில் தீப்பொறி விழுந்த ஓட்டை.

முதலில் சிரித்தது மேஸ்திரி. அப்புறம் மச்சான். நான் சிரிக்கவில்லை.

"நீ எதுக்குடா இதுல கலந்துக்கிட்டே?"

"எனக்கு இது வருமா வராதான்னு நீங்க நேர்மையா சொல்லணும்னா, நான்னு தெரியாம இருக்கணும்ப்பா. அதான்."

துண்டைக் கையில் எடுத்தேன். உள்ளே உருகாமல் மேலே மட்டும் பூசின மாதிரி இருந்தது. அதை அவனுக்குக் காட்டினேன். கை எங்கே அவசரப்பட்டிருக்கிறது, சூடு எங்கே பத்தவில்லை என்று சொன்னேன். அவன் கேட்டுக்கொண்டே நின்றான். "இது உனக்கு வராதுடா" என்றேன். "தெரியும்ப்பா" என்றான். அவன் முகத்தில் அப்படி ஒரு நிம்மதியை நான் பார்த்ததே இல்லை. முகம் பார்க்கத் தெரிந்தவன் என்று சொல்லிக்கொண்டு திரிந்தவன் நான்.

நேராகக் கேட்கிறேன். மற்ற துண்டுகளோடு தன் துண்டையும் வைக்கச் சொல்லி அவனுக்கு நீங்கள் சொல்லிக்கொடுத்தீர்களா? இது உங்கள் மூளை மாதிரியே இருக்கிறது.

படிய வாரிய தலைக்காரன் துண்டும் உடைந்தது. அவனைக் கூப்பிட்டு உண்மையைச் சொன்னேன். மேஸ்திரியிடம் கற்றுக்கொள்ளும் வரை கட்டிலில் கை வைக்கக்கூடாது என்றேன். அழுவான் என்று நினைத்தேன். "சேர்ந்ததுலேருந்து பயந்துக்கிட்டே இருந்தேங்க ஐயா" என்றான்.

மாஸ்க் பெண்ணின் துண்டு மூன்று பேர் முடிவிலும் தேறியது. உள்ளே கூப்பிட்டோம். எல்லோரிடமும் கேட்ட கேள்விகளையே கேட்டோம். கடைசியில் மச்சான், "நீங்க ஏதாவது கேக்கணுமா?" என்றான். கேட்டுவிட்டாள்.

"இங்க வேலைக்கு வந்தவங்கல்லாம் ஏங்க விட்டுட்டுப் போறாங்க?"

மச்சான் கூரையைப் பார்த்தான். மேஸ்திரி செருப்பைப் பார்த்தார். அவள் என்னைப் பார்த்தாள், நிமிர்ந்து.

"நான் ஒண்ணு சொல்லி எடுத்தேன், வேற ஒண்ணு செய்ய வச்சேன்" என்றேன். வாயிலிருந்து வந்துவிட்டது.

"எனக்கும் அப்படித்தானா?"

"இல்ல. எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர்றேன்."

"சரிங்க. யோசிச்சுச் சொல்லி அனுப்புறேன்" என்று சொல்லிவிட்டு மாஸ்க்கைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். அதன் பிறகு போன் அடித்தால் நானே ஓடிப் போய் எடுக்கிறேன்.

இப்படிக்கு,
சம்பந்தி


ஏப்ரல் 15

சம்பந்தி அவர்களுக்கு,

நான் சொல்லிக்கொடுக்கவில்லை. எனக்கு அந்த யோசனை வந்திருந்தால் பெருமையாக ஒப்புக்கொண்டிருப்பேன். சட்டை ஓட்டை பற்றி மட்டும் என் மகள் முன்பே சொன்னாள், காரணத்தைச் சொல்லவில்லை. உங்கள் வீட்டில் எல்லோரும் ஒருவருக்கொருவர் தெரியாமல்தான் எதையும் செய்கிறார்கள். அதற்கும் ஏதாவது வழி பண்ணுங்கள்.

இப்போது என் மனதில் இருப்பதைச் சொல்கிறேன். மாப்பிள்ளை அந்த இன்டர்வியூவுக்குப் போய்வந்துவிட்டார். அடுத்து அவர்கள், இப்போது வேலை பார்க்கிற இடத்தில் ஒரு வார்த்தை விசாரிப்பார்கள். அதாவது உங்களிடம். ஆளெடுப்பில் நான் அதிகம் பார்த்த அநியாயம் இந்தப் போனில்தான் நடக்கும். பழைய முதலாளி அனுப்ப மனசில்லாமல் ஒரு வார்த்தை குறைத்துச் சொல்வார். அல்லது தொலைந்தால் போதும் என்று ஏகத்துக்கும் புகழ்வார். என்ன சொன்னார் என்பது வேலை கேட்டவருக்குக் கடைசி வரை தெரியாது.

நீங்கள் என்ன சொல்லப் போகிறீர்களோ என்று எனக்குப் பயம். மறைக்கவில்லை, உங்களை நான் இன்னும் முழுசாக நம்பவில்லை. ஒரே பையன். போகவிட மனசு வருமா?

மாப்பிள்ளைக்கு அந்த வேலை கிடைத்தால் என் மகள் என் ஊருக்கே வந்துவிடுவாள். அதில் எனக்கு லாபம். எனவே நான் சொல்வதையும் நீங்கள் சந்தேகத்தோடு எடுத்துக்கொள்ளலாம். ஆனால் அந்தக் கம்பெனியில் எனக்குத் தெரிந்த ஒருவர் இருக்கிறார். அவரிடம் நான் பேசவில்லை. பேசவும் மாட்டேன்.

இப்படிக்கு,
உங்கள் மருமகளின் அம்மா


மே 2

சம்பந்தியம்மா அவர்களுக்கு,

மாஸ்க் பெண் சேர்ந்துவிட்டாள். வந்த அன்றே, பக்கக் கம்பியை ஒட்டுகிற இடத்தில் கீழே ஒரு தாங்கு வைக்க வேண்டும் என்று மேஸ்திரியிடம் சண்டை. இன்னும் முடியவில்லை. தேறாதவர்களுக்கெல்லாம் மச்சான் போன் பண்ணிக் காரணத்தைச் சொன்னான். இரண்டு பேர் திட்டினார்கள். ஒருவர், "இதுவரைக்கும் யாருமே ஏன்னு சொன்னதில்லீங்க" என்று சொல்லிவிட்டு, எங்கே போய்ப் பழகலாம் என்று கேட்டாராம். மச்சான் இப்போதெல்லாம் என் முகத்தைப் பார்த்து வாதாடுகிறான். அவன் வாயைத் திறந்துவிட்டது நீங்கள்தான். அனுபவிப்பது நான்.

நீங்கள் பயந்த போன் போன வாரம் வந்தது. நல்லவேளை, அறையில் யாரும் இல்லை. அதே பெண் குரல். நான் அப்பா என்பதை முதலிலேயே சொல்லிவிட்டேன். "பரவாயில்லை சார், எல்லார்கிட்டயும் கேட்கிறதைத்தான் கேட்கப் போறேன்" என்றது.

மறைக்காமல் எழுதுகிறேன். ஒரு வார்த்தை போதும் என்று எனக்குத் தோன்றியது. கொஞ்சம் இழுத்து, "ம்... பையன் பரவாயில்லீங்க..." என்றால் போதும். அவன் இங்கேயே இருந்துவிடுவான். யாருக்கும் தெரியவும் தெரியாது. நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

என்ன வேலை பார்க்கிறார் என்று கேட்டது. எம்.டி. என்று பலகை இருக்கிறது, ஆனால் பார்க்கிற வேலை வேறு என்றேன். கட்டில் சரியில்லை என்று ஆஸ்பத்திரிக்காரர்கள் கொதித்துக்கொண்டு வருவார்கள். அவன் உட்கார வைத்து முழுசாகக் கேட்பான். போகும்போது அடுத்த ஆர்டரைப் பற்றிப் பேசிக்கொண்டு போவார்கள். நான் அதை ஒரு வேலையாகவே நினைத்ததில்லை. கம்பி பிடுங்கிக் கீழே விழுந்த அந்தப் பெரியவர் வீட்டுக்கு அவன் வாரா வாரம் போய்வருகிறான் என்பதே எனக்குப் போன மாதம்தான் தெரியும். எல்லாவற்றையும் சொன்னேன். குறை என்ன என்று கேட்டது. மெஷின் பக்கம் விட்டுவிடாதீர்கள் என்றேன். அந்தப் பெண் சிரித்துவிட்டது.

கடைசியாக ஒரு கேள்வி. எல்லோரிடமும் கேட்பார்களாம். "இவரை மறுபடியும் உங்க கம்பெனிக்கு எடுப்பீங்களா சார்?"

அந்தப் பெண் லைன் போய்விட்டது என்று நினைத்து, "சார்? சார்?" என்றது.

"அவனை நான் ஒரு தடவையும் எடுக்கவே இல்லம்மா. என் பிள்ளைங்கிறதால உட்கார வச்சுக்கிட்டேன். இனிமே அவனா கேட்டு வந்தா, கண்டிப்பா எடுப்பேன்" என்றேன்.

நேற்று அவனுக்கு வேலைக்கான கடிதம் வந்துவிட்டது. போனில் என்ன சொன்னேன் என்று அவன் கேட்கவில்லை. நானே கூப்பிட்டு உட்கார வைத்து, ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன்.

இப்படிக்கு,
சம்பந்தி